விரலுக்கேற்ற வீக்கம்: முதல் கைத்துப்பாக்கிக்குக் காலிபர் தேடும் பிள்ளைகளுக்கு

டெக்சஸ் மண்ணில் கால் வைத்து எனக்கு முப்பத்தோரு வருஷம் ஆகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், டாலஸுக்கு வடக்கே ஒரு சுடுதளத்தில் சனிக்கிழமை காலைகளில் புதியவர்களுக்குத் துணை நிற்கிறேன். சில வருஷமாக நம் பிள்ளைகளும் வருகிறார்கள். புருஷனும் மனைவியுமாக வருகிறவர்கள் உண்டு. மலைக்கும் காட்டுக்கும் கூடாரம் தூக்கிக்கொண்டு போகிற இளவட்டங்களும் உண்டு. வணக்கம் சொன்ன கையோடு எல்லோரும் கேட்பது ஒன்றைத்தான்: "அங்கிள், எந்தக் காலிபர் வாங்கலாம்?"

நான் உடனே பதில் சொல்வதில்லை. "உள்ளங்கையைக் காட்டு" என்பேன். ஜோசியம் பார்க்கப் போகிறேனோ என்று சிரிப்பார்கள். விரல் நீளம், மணிக்கட்டின் கனம், பிடியின் பலம் எல்லாம் பார்த்துவிட்டுத்தான் அடுத்த கேள்விக்குப் போவேன். அப்படி நின்ற இடத்தில் திருப்பித் திருப்பிச் சொன்னதை இங்கே எண் போட்டு எழுதியிருக்கிறேன். துப்பாக்கி வாங்குங்கள் என்று யாரையும் தூண்டுவதற்காக எழுதவில்லை. வாங்குவதென்று முடிவெடுத்தவர் தப்பானதை வாங்கிவிட்டு அவதிப்படக் கூடாது.

1. காலிபருக்கு முன்னால் உங்கள் விசாவைப் பாருங்கள்.

நம்மவர்கள் சறுக்கும் முதல் இடம் இது. எச்-1பி, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பதை அமெரிக்க மத்தியச் சட்டம் பொதுவாகத் தடை செய்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது போன்ற சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால் அந்த விதிவிலக்கு உங்களுக்குப் பொருந்துமா என்பதை நண்பன் சொல் கேட்டு முடிவு செய்யாதீர்கள். குடியேற்றச் சட்டம் தெரிந்த வக்கீலிடம் காசு கொடுத்துக் கேளுங்கள். தவறினால் போவது துப்பாக்கி மட்டுமல்ல, பத்து வருஷமாகக் காத்திருக்கும் க்ரீன் கார்டும் சேர்ந்து போகும். க்ரீன் கார்டு கையில் இருப்பவருக்கு இந்தத் தடை இல்லை. உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்கப் பொதுவாக 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். அங்கே நிரப்பும் 4473 என்ற படிவத்தில் பொய் எழுதுவதே தனிக் குற்றம்.

2. எங்கே, எதற்கு என்று ஒரு தாளில் எழுதுங்கள்.

வீட்டில் இரவு நேரக் காவலுக்கா, இடுப்பில் வைத்துக்கொண்டு நடமாடவா, பண்ணை நிலத்திலும் காட்டுப் பாதையிலும் துணைக்கா? மூன்றுக்கும் ஒரே துப்பாக்கி போதும் என்று கடையில் சொல்வார்கள். அரிவாள்மணையில் மீனும் அரியலாம், முருங்கைக்காயும் நறுக்கலாம், வேலி வெட்ட முடியாது. முதல் துப்பாக்கி உங்கள் வாழ்க்கையில் அதிக நேரம் எந்த வேலைக்குப் பக்கத்தில் இருக்குமோ, அந்த வேலைக்கு ஏற்றதாக இருக்கட்டும்.

ஊரில் இந்தக் குழப்பமே கிடையாது. இந்தியாவில் 9 மிமீ, தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட ரகம். உரிமம் கிடைத்தவர் பெரும்பாலும் கான்பூர் அரசுத் தொழிற்சாலையின் .32 ரிவால்வரோடு திருப்திப்பட வேண்டும். அங்கே காலிபரைத் தேர்ந்தெடுப்பது சட்டம். இங்கே அந்தப் பொறுப்பு நம் தலையில் விழுகிறது.

3. எண்ணைக் கண்டு மயங்காதீர்கள்.

காலிபர் என்பது குழலின் விட்டத்தை, அதாவது குண்டின் தடிமனைக் குறிக்கும் பெயர். பெயர்தான், அளவு என்று நம்பிவிடாதீர்கள். .38 ஸ்பெஷலின் குண்டும் .357 மேக்னத்தின் குண்டும் ஒரே தடிமன், இரண்டுமே .357 அங்குலம்தான். .44 மேக்னத்தின் குண்டு உண்மையில் .429 அங்குலம். பெரிய எண் போட்டதெல்லாம் பெரிய அடி அடிக்கும் என்று எடுத்துக்கொண்டால் ஏமாந்து போவோம்.

இங்கே குண்டின் எடையைக் கிரெயின் என்ற கணக்கில் சொல்வார்கள். நமக்கு அது மனத்தில் உட்காராது. நான் பவுன் கணக்கில் சொல்லித் தருகிறேன். 9 மிமீயில் சாதாரணமாக விற்கும் 124 கிரெயின் குண்டு 8 கிராம், சரியாக ஒரு பவுன். .22-ன் 40 கிரெயின் குண்டு 2.6 கிராம், கால் பவுனுக்கு மேலே. .45 ஏசிபியின் 230 கிரெயின் குண்டு 15 கிராம், .44 மேக்னத்தின் 240 கிரெயின் குண்டு 15.5 கிராம். இரண்டும் ஏறக்குறைய இரண்டு பவுன்.

எடை ஒரு பாதி, வேகம் மறு பாதி. .45-ன் இரண்டு பவுன் விநாடிக்குச் சுமார் 260 மீட்டரில் போகிறது. 9 மிமீயின் ஒரு பவுன் 350 மீட்டரில் போகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இரண்டின் ஆற்றலும் 500 ஜூலை ஒட்டித்தான் வரும். அதே இரண்டு பவுனை .44 மேக்னம் 400 மீட்டருக்கு மேல் விரட்டுகிறது. அதனால் அது 1,200 ஜூலைத் தாண்டிவிடுகிறது. அதற்கேற்ற உதையும் உங்கள் உள்ளங்கைக்கு வரும்.

4. எந்தக் கைத்துப்பாக்கியும் சிறிய ஆயுதம்தான்.

இங்கே மான் வேட்டைக்குக் கொண்டுபோகும் சாதாரண .308 ரைஃபிள் 3,500 ஜூல் அளவில் அடிக்கும். அதன் பக்கத்தில் 9 மிமீயும் சிறுபிள்ளை, .45-ம் சிறுபிள்ளை. சினிமாவில் ஒரு குண்டு பட்டதும் ஆள் பறந்து போய் விழுவான். அப்படி எதுவும் நடக்காது. குண்டு எங்கே பட்டது, எவ்வளவு ஆழம் போனது என்ற இரண்டே கேள்விகள்தான் உண்டு.

1986 ஏப்ரல் 11 அன்று மியாமியில் எஃப்பிஐ ஆட்கள் எட்டுப் பேர் இரண்டு கொள்ளைக்காரர்களை மடக்கினார்கள். எஃப்பிஐ தரப்பில் இருவர் இறந்தார்கள், ஐந்து பேர் காயம்பட்டார்கள். கொள்ளையரில் ஒருவன் மீது ஆரம்பத்திலேயே ஒரு 9 மிமீ குண்டு பட்டது. மேல்கையைத் துளைத்து மார்புக்குள் போன அந்தக் குண்டு இதயத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. அவன் தொடர்ந்து சுட்டான். ஆழம் போதவில்லை என்று எஃப்பிஐ பெரிய 10 மிமீக்குப் போனது. அதன் உதை பல பேர் கைக்கு ஒத்துவரவில்லை. தோட்டாவில் வெடிமருந்தைக் குறைத்துப் பார்த்தார்கள். 1990-ல் .40 ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் வந்தது, அதற்கு மாறினார்கள். கடைசியில் 2014-ல் அவர்களுடைய பயிற்சிப் பிரிவே 9 மிமீக்குத் திரும்புவதுதான் சரி என்று எழுதியது. இடைப்பட்ட காலத்தில் குண்டின் அமைப்பு தேறியிருந்தது. உதை குறைந்தால் பெரும்பாலானவர்கள் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்பதையும் கண்டிருந்தார்கள். வேலையே அதுவாக இருக்கிறவர்கள் ஊரைச் சுற்றி வீட்டு வாசலுக்கே வந்து சேர கால் நூற்றாண்டுக்கு மேல் ஆனது. நீங்களும் அதே சுற்றுச் சுற்ற வேண்டாம்.

5. உதைக்கு மரியாதை கொடுங்கள்.

நான் அந்தச் சுற்றுச் சுற்றியவன். 1971-ல் வந்த 'டர்ட்டி ஹேரி' படத்தில் கிளின்ட் ஈஸ்ட்வுட் கையில் இருக்கும் .44 மேக்னம் என் மண்டைக்குள் புகுந்திருந்தது. இங்கே வந்து கையில் காசு சேர்ந்ததும் அதைத்தான் முதலில் வாங்கினேன். ஏழு கஜத் தூரத்தில் ஆறு தோட்டா சுட்டேன். தாளில் ஒரே ஒரு துளை, அதுவும் மூலையில். ஆறாவது சுடும்போது கண்ணை மூடிக்கொண்டே விசையை இழுத்திருக்கிறேன். எனக்கே அது தெரியவில்லை, பக்கத்தில் நின்ற கிழவர் சொன்னார்.

அந்தத் திடுக்கிடல் ஒருமுறை கையில் ஒட்டிக்கொண்டால் எளிதில் போகாது. விசையை இழுப்பதற்கு ஒரு கணம் முன்பே மணிக்கட்டு கீழே சாயும், குண்டு தரையைப் பார்த்துப் போகும். பிறகு .22-ஐக் கையில் கொடுத்தாலும் அதே சாய்வு வரும். எனக்கு அது முழுதாகப் போக இரண்டு வருஷம் பிடித்தது. அந்த .44-ஐ விற்ற அன்று எனக்குத் துக்கமே இல்லை.

6. .22-ல் தொடங்குங்கள்.

சுமார் 120 ஜூல், உதை என்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு 9 மிமீ தோட்டாவின் விலையில் ஏறக்குறைய மூன்று .22 தோட்டா வாங்கலாம். பிடி, பார்வை, மூச்சு, விசை இழுப்பு நான்கும் இதில்தான் படியும். சங்கீதம் கற்கும் பிள்ளைக்குச் சரளி வரிசை எதுவோ அதுதான் இது. கச்சேரிக்கு அவசரப்பட்டால் சுருதி நிற்காது.

தற்காப்புக்கு .22-ஐயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். விளிம்பில் வெடிமருந்துப் பொட்டு உள்ள தோட்டா அது. நடுவில் பொட்டு உள்ளவற்றைவிட அதிகமாக வெடிக்காமல் ஏமாற்றும், ஆழமும் குறைவு. வேறு எதையுமே தாங்க முடியாத கைகளுக்கு மட்டும் அது கடைசி வழி.

7. வீட்டுக்கும் இடுப்புக்கும் 9 மிமீ போதும்.

சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். நூறு பேர் வந்து கேட்டால் தொண்ணூறு பேருக்கு என் பதில் இதுதான். ஆஸ்திரியர் கியோர்க் லூகர் 1902-ல் வடிவமைத்த தோட்டா, இன்று உலகத்தில் கைத்துப்பாக்கிகளில் அதிகம் புழங்குவது. விலை மலிவு, எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும். நடுத்தர அளவுத் துப்பாக்கியில் பதினைந்து தோட்டா அடங்கும், உதையைப் பெரும்பாலான கைகள் தாங்கும். .40-ம் .45-ம் மோசமானவை அல்ல. ஆனால் அவை கூடுதலாகத் தருவதைவிடக் கேட்பது அதிகம். .380 சின்னத் துப்பாக்கியில் வரும், பையில் அடங்கும். ஆழத்தில் அது எல்லைக்கோட்டில் நிற்கிறது.

மணிக்கட்டில் பலம் இல்லாதவர்களுக்கு பிஸ்டலின் மேல்பாகத்தைப் பின்னால் இழுப்பது கடினம். அவர்களுக்கு .38 ஸ்பெஷல் ரிவால்வர் ஒரு வழி. என் மனைவி நான்கு அங்குலக் குழல் கொண்ட எஃகு ரிவால்வரில் .38 சுடுகிறாள். ஏழு கஜத்தில் ஆறும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் விழும். என் .44 நாட்களை இன்றும் சொல்லிச் சிரிப்பாள். ஆனால் ரிவால்வர் எல்லோருக்கும் எளிது என்று நினைக்காதீர்கள். சுத்தியலைப் பின்னால் இழுக்காமல் நேரே விசையை அழுத்துவதென்றால் விரலுக்கு ஐந்து கிலோ பலம் வேண்டும். இரண்டையும் கையில் பிடித்துப் பார்க்காமல் முடிவு சொல்ல முடியாது.

8. காலிபரைவிடக் குண்டின் மூக்கைக் கவனியுங்கள்.

ஒரே 9 மிமீயில் வேறு வேறு வேலைக்கு வேறு வேறு குண்டு உண்டு. முழுக்கத் தாமிரச் சட்டை போட்ட உருண்டை மூக்குக் குண்டு பயிற்சிக்கு. அது மலிவு, ஆனால் ஆளைத் துளைத்து அந்தப் பக்கம் போய்விடக் கூடும். மூக்கில் குழி உள்ள ஹாலோ பாயிண்ட் உடம்புக்குள் போனதும் பூப்போல விரிந்து வேகத்தை இழக்கும். தற்காப்புக்கு அதுவே சரி, பின்னால் நிற்கும் அப்பாவிக்கும் ஆபத்து குறைவு. எஃப்பிஐ ஜெலட்டின் கட்டியில் சுட்டுப் பார்க்கும்போது 12 முதல் 18 அங்குல ஆழத்தைத்தான் எதிர்பார்க்கிறது. மூன்றாவது, கடினமான ஈய வார்ப்பில் தட்டை மூக்கோடு வரும் குண்டு. விரியாமல் எலும்பையும் தாண்டி ஆழப் போகும், பெரிய விலங்குக்கானது.

இங்கே வீட்டின் உட்சுவர் செங்கல் அல்ல, ஜிப்சம் பலகை. எந்தக் காலிபரும் அதை அப்பளம் போலத் துளைத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போகும். பிள்ளைகள் படுக்கும் திசை எது என்று முதல் நாளே பார்த்து வையுங்கள்.

9. டெக்சஸ் காட்டுவெளிக்கு .357.

இங்கே வெளியில் நாம் சந்திப்பது கிலுகிலுப்பைப் பாம்பு, காட்டுப்பன்றி, எப்போதாவது வெறிபிடித்த நாய் அல்லது நரி. பாம்புக்குத் துப்பாக்கி வேண்டாம், இரண்டு எட்டுப் பின்னால் வையுங்கள். நாட்டில் வருஷத்துக்கு ஏழாயிரம் எட்டாயிரம் பேரை விஷப்பாம்பு கடிக்கிறது, இறப்பது சுமார் ஐந்து பேர். பாம்பைப் பிடிக்கவும் அடிக்கவும் போய்க் கடி வாங்கியவர்கள் அதில் நிறைய. ஊரில் கம்பெடுத்துப் பழகிய நம் கைக்கு இதைத் தனியாகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

பன்றி வேறு கதை. தோள்பட்டையில் கெட்டித் தோல், கீழே தடித்த எலும்பு. 1935-ல் வந்த .357 மேக்னம் 10 கிராம் குண்டை 375 மீட்டர் வேகத்தில் செலுத்தும், 700 ஜூல் கிடைக்கும். நான்கு அங்குலக் குழல், ஒரு கிலோ எடையுள்ள எஃகு ரிவால்வர் என்றால் உதையும் அடங்கும். அதிலேயே .38 ஸ்பெஷல் போட்டுப் பழகிக்கொள்ளலாம் என்பது இன்னொரு லாபம். வெளிக்கும் வீட்டுக்கும் ஒன்றே ஒன்றுதான் வாங்குவேன் என்று பிடிவாதம் பிடிப்பவருக்கு நான் காட்டுவது இதைத்தான்.

10. கரடி நாட்டுக்குப் போனால் முதலில் ஸ்பிரே.

யெல்லோஸ்டோன், மொன்டானா, அலாஸ்கா பக்கம் போகிறவர்களுக்கு இது. அலாஸ்காவில் நடந்த சம்பவங்களைத் தொகுத்து 2008-ல் வெளியான ஆய்வில், பழுப்புக் கரடியின் தொல்லையைக் கரடி ஸ்பிரே நூற்றுக்கு 92 முறை நிறுத்தியிருந்தது. குறி பிசகினாலும் மேகமாகப் பரவும் மிளகாய்க் காரம் அது. பதறும் கைக்கு அதைவிடத் தோதானது இல்லை. விமானத்தில் கொண்டுபோக விடமாட்டார்கள், போய் இறங்கிய ஊரில் வாங்குங்கள். பைக்குள் போடாமல் இடுப்பில் மாட்டுங்கள்.

அதற்கு மேலும் துப்பாக்கி வேண்டும் என்றால் 10 மிமீ அல்லது .44 மேக்னம், கடின வார்ப்புக் குண்டோடு. கிரீன்லாந்தில் நாய் வண்டியில் ரோந்து போகும் டென்மார்க்கின் சிரியஸ் படையினர் பனிக்கரடிக்காக 10 மிமீ க்ளாக் பிஸ்டல் வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதைச் சுட்டுப் பழகியவர்கள். நீங்கள் வருஷத்துக்கு ஒரு முறை சுடுகிறவர் என்றால், ஒரு .44 குண்டு தவறிப் போவதைவிட நாலு 9 மிமீ குண்டு படுவது மேல். கருங்கரடியும் மலைச்சிங்கமும் உள்ள கொலராடோ போன்ற இடங்களுக்கு முன்பு சொன்ன .357 தாராளம்.

2010 பிப்ரவரி 22 முதல் தேசியப் பூங்காக்களில் அந்தந்த மாநிலச் சட்டப்படி துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனால் சுடுவது பொதுவாகத் தடை. பார்வையாளர் மையம் போன்ற மத்திய அரசுக் கட்டடத்துக்குள் கொண்டுபோவதும் தடை.

11. சின்னத் துப்பாக்கியில் பெரிய தோட்டா போடாதீர்கள்.

போன வருஷம் ஒரு தங்கை வந்தாள். ஒரு கடையில், "பெண்களுக்கு இதுதான் வசதி, கைப்பையில் அடங்கும்" என்று சொல்லி, 350 கிராம் கூட இல்லாத .357 ரிவால்வரை விற்றிருக்கிறார்கள். ஒரு தோட்டா சுட்டாள், துப்பாக்கியை மேசையில் வைத்தாள், உள்ளங்கை சிவந்திருந்தது, கண்ணில் நீர். துப்பாக்கி லேசாக ஆக உதை கூடும், குழல் குட்டையாக ஆக வேகம் குறைந்து நெருப்பும் சத்தமும் கூடும். அதில் .38 போட்டுப் பார்த்தோம், தாங்க முடிந்தது. பிறகு நடுத்தர அளவு 9 மிமீக்கு மாறினாள். இப்போது வாரா வாரம் வருகிறாள். உடம்பு சிறியது என்பதற்காகத் துப்பாக்கியும் சிறியதாக இருக்க வேண்டும் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

12. தோட்டாப் பெட்டியின் மேல் எழுதியதை எழுத்துக்கூட்டிப் படியுங்கள்.

.357 ரிவால்வரில் .38 ஸ்பெஷல் போடலாம். .38 ரிவால்வரில் .357 போடக் கூடாது. .357-ன் கூடு 3 மில்லிமீட்டருக்கு மேல் நீளமாக வைத்திருப்பதே அது உள்ளே போகாமல் இருக்கத்தான். .45 ஏசிபி வேறு, .45 கோல்ட் வேறு. .380-க்கு 9 மிமீ ஷார்ட் என்றும் ஒரு பெயர் உண்டு, அது நீங்கள் கேட்கும் 9 மிமீ அல்ல. பெட்டியில் கூட்டல் குறியும் 'பி' எழுத்தும் இருந்தால் அழுத்தம் கூடிய ரகம், உங்கள் துப்பாக்கி அதைத் தாங்குமா என்று கையேட்டில் பாருங்கள். முன்பு சொன்ன .357, .38 விஷயத்தைத் தவிர, குழலின் மேல் பொறித்திருக்கும் தோட்டாப் பெயரும் பெட்டியில் அச்சிட்டிருப்பதும் ஒத்துப்போக வேண்டும். மருந்துக் கடையில் சீட்டைச் சரிபார்ப்பது போலச் சரிபாருங்கள்.

13. காது, கண், கை மூன்றையும் காப்பாற்றுங்கள்.

துப்பாக்கிச் சத்தம் 140 டெசிபலைத் தாண்டும். காதடைப்பான் இல்லாமல் ஒரு முறை சுட்டாலே காதில் இரைச்சல் தங்கிவிடலாம். கூரையுள்ள தளத்தில் மேக்னம் சுடும்போது காதுக்குள் பஞ்சு வகை அடைப்பான், அதன்மேல் கிண்ண வகை என்று இரண்டும் போடுங்கள். கண்ணாடி கட்டாயம். சுட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவாமல் பிள்ளையைத் தூக்காதீர்கள், வடையைத் தொடாதீர்கள். விரலில் ஈயத்தூள் இருக்கும்.

14. பூட்டு வாங்கக் காசில்லை என்றால் துப்பாக்கியும் வாங்காதீர்கள்.

எப்போதும் தோட்டா இருப்பதாகவே நினையுங்கள். சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதீர்கள். குறியில் பார்வை பதியும்வரை விரல் விசைக்கு வெளியே இருக்கட்டும். குறியையும் அதன் பின்னால் இருப்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்த நான்கையும் என் தளத்தில் பாராமல் ஒப்பிக்காதவர் கையில் துப்பாக்கி கொடுக்க மாட்டேன்.

17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்குத் தோட்டா நிரப்பிய துப்பாக்கி எட்டும்படி வைப்பது டெக்சஸில் குற்றம். தலையணைக்கு அடியிலும் புடவை அடுக்கிலும் வைப்பது மறைப்பது ஆகாது, பிள்ளைகளுக்கு நம் அலமாரி நம்மைவிட நன்றாகத் தெரியும். விரலால் தொட்டால் திறக்கும் சின்ன இரும்புப் பெட்டி போதும். வீட்டில் யாராவது மனம் உடைந்து கிடக்கிறார் என்று தெரிந்தால், அந்தக் காலம் கடக்கும்வரை துப்பாக்கியைச் சட்டப்படி வேறோர் இடத்தில் ஒப்படையுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

வெளியே எடுத்துப் போகிறவர்கள் வாசலில் உள்ள பலகையைப் படியுங்கள். 30.05, 30.06, 30.07 என்ற எண்கள் டெக்சஸில் துப்பாக்கியோடு உள்ளே வராதே என்று பொருள்படுபவை. பள்ளிக்கூடத்துக்குள் எந்தப் பலகையும் இல்லாமலே தடை.

15. ஊருக்குப் போகும் முன் பையை உதறுங்கள்.

சுடுதளத்துக்குத் தூக்கிப் போன முதுகுப் பையையே ஊர்ப் பயணத்துக்கும் எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அடித் தையலில் ஒரே ஒரு தோட்டா சிக்கிக் கிடந்தால் போதும். இந்திய விமான நிலையத்தில் எக்ஸ்ரே திரையில் தெரிந்த கணமே ஆயுதச் சட்டத்தில் வழக்கு. மறந்துவிட்டேன் என்பதை அங்கே நீதிமன்றத்தில்தான் சொல்ல வேண்டும். அம்மாவைப் பார்க்கப் போனவர் ஜாமீனுக்கு அலைய வேண்டாம். சுடுதளத்துக்கென்று ஒரு பை தனியாக வையுங்கள், அது கார் டிக்கியைத் தாண்டி வேறெங்கும் போக வேண்டாம்.

இவ்வளவும் படித்த பிறகும் எந்தக் காலிபர் என்ற கேள்வி மனத்தில் இருந்தால், ஒரு சனிக்கிழமை எந்தச் சுடுதளத்துக்காவது போங்கள். ஒரு .22, ஒரு 9 மிமீ பிஸ்டல், ஒரு .38 ரிவால்வர் மூன்றையும் வாடகைக்கு எடுங்கள். ஒவ்வொன்றிலும் ஐம்பது தோட்டா சுடுங்கள், ஒவ்வொன்றுக்கும் புதுத் தாள் மாட்டுங்கள். கடைசிப் பத்துத் தோட்டா எங்கே விழுந்தது என்று பாருங்கள், கை களைத்த பிறகு விழுவதுதான் உங்கள் உண்மையான குறி. மூன்று தாளையும் வீட்டுச் சுவரில் ஒரு மாதம் ஒட்டி வையுங்கள். அதுவரை எதையும் வாங்காதீர்கள்.